கம்பைநல்லூர் செட்டப்பு

அமுதவல்லி இங்கிலீஷ் வாத்தியார். தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு காலேஜில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் உண்டு, நிரந்தரம் கிடையாது. புதுசாகச் சேர்கிற பிள்ளைகளை முதல் நாளே மிரட்டி வைக்க அவளிடம் ஒரு வித்தை இருந்தது. செட் என்று இங்கிலீஷில் மூன்றே எழுத்தைப் பலகையில் எழுதுவாள். "இந்தத் துக்கடா வார்த்தைக்குப் பெரிய அகராதியில நானூறுக்கு மேல அர்த்தம் இருக்குது. உங்களுக்கு எத்தன தெரியும், சொல்லுங்க" என்பாள்.

பிள்ளைகள் சளைக்க மாட்டார்கள். பம்புசெட்டு, மைக்செட்டு, செட் தோசை, தோடு ஜிமிக்கி செட்டு, ரம்மியில செட்டு, எங்க செட்டுப் பசங்க, சிமெண்டு செட் ஆயிடுச்சு, எனக்கும் இங்கிலீஷுக்கும் செட்டே ஆவல மேடம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் "கோழி செட்டு" என்பான். அது ஷெட்டு, வேற வார்த்தைடா என்று திருத்துவாள். திருத்தி என்ன பிரயோசனம், அவள் வீட்டிலேயே அப்பா பட்டுப்புழு வளர்க்கிற கொட்டகைக்குப் பெயர் புழு செட்டு. ஒரே ஒரு அர்த்தத்தை மட்டும் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாமல் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். செட்டோடு ஒரு அப்பு சேர்ந்தால் வருகிற அர்த்தம் அது. ஒரு ஆள் வேறு ஊரில் கமுக்கமாக ஒரு பொம்பளையைக் குடிவைத்திருந்தால் அவளுக்கு ஊரில் அதுதான் பெயர். அமுதவல்லி அந்தச் சிரிப்பைக் கேட்காதவள் மாதிரி பாடத்துக்குப் போய்விடுவாள்.

அவளுக்கே அந்த வார்த்தையோடு ஒரு தீராத வழக்கு இருந்தது. காலேஜில் நிரந்தரம் ஆக வேண்டுமென்றால் ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதற்கும் பெயர் செட்தான். இரண்டு தடவை எழுதினாள், இரண்டு தடவையும் கோட்டை விட்டாள். இது தெரிந்த ஒரே ஆள் கூட வேலை பார்க்கிற கலைமணி. அப்பா மாரப்பனிடம் "ரிசல்ட் இன்னும் வரலப்பா" என்று சொல்லி வைத்திருந்தாள். மாரப்பன் அதை நம்பினார். நம்பியதோடு நிற்காமல், "எம்பொண்ணு பெரிய பரிட்ச எழுதியிருக்குது, ரிசல்ட்டு வந்ததும் பர்மனென்ட்டு" என்று பாப்பாரப்பட்டி சந்தையில் தக்காளி வாங்க வந்தவரிடம்கூடச் சொல்லிவிட்டார். ஊர் மொத்தமும் அந்த ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தது. அவள் ஒருத்திதான் காத்திருக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மாதவராஜ் வந்து சேர்ந்தான். பொம்மிடிக்காரன், சொந்தமாக மைக்செட்டு வைத்திருப்பவன். போன வருஷம் காலேஜ் ஆண்டு விழாவுக்கு அவன்தான் மைக் போட்டான். அமுதவல்லி நல்ல குள்ளம், பிரின்சிபால் ஆறடி. அவர் பேசிவிட்டுப் போன மைக் வருஷா வருஷம் அவள் நெற்றிக்கு நேராக நிற்கும். அவள் எக்கி எக்கிப் பேசுவாள், பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த வருஷம் மாதவராஜ் மேடைக்கு ஓடி வந்தான். மைக்கை அவள் வாய்க்கு நேராக இறக்கித் திருகை இறுக்கினான். பாக்கெட்டிலிருந்து சிவப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, ஸ்டாண்டில் அந்த இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அடுத்த வாட்டி தேட வேண்டியதில்ல பாருங்க. உங்க அளவு செட் ஆயிடுச்சு மேடம்" என்றான்.

அன்றைக்கு என்ன பேசினோம் என்று அவளுக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். இருபத்தொன்பது வயதில் இதெல்லாம் நன்றாகவா இருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதற்கும் சிரித்தாள். அப்புறம் மாதவராஜ் வீட்டிலிருந்து முறைப்படி ஆள் அனுப்பினார்கள். நாள் குறித்தார்கள். பெண் பார்க்கவும் வந்தார்கள்.

வந்த அன்று மாதவராஜின் அம்மா தங்கம்மாள் நேராகச் சமையலறைக்குள் வந்து, கேசரி கிண்டிக்கொண்டிருந்த கலைமணியிடம், "பொண்ணுக்கு ஏம்மா இத்தினி நாளா ஒண்ணும் அமையல?" என்று கேட்டாள். கலைமணிக்கு எப்போதும் அமுதவல்லியின் பரிட்சை ஞாபகம்தான். "ரெண்டு தடவ செட் ஆவாமப் போயிடுச்சுங்கம்மா. பாவம், ரெண்டு தடவயும் அழுதுக்கிட்டே கெடந்தா. மூணாவது கண்டிப்பா செட் ஆயிடும்" என்றாள். பக்கத்து அறையில் பூ வைத்துக்கொண்டிருந்த அமுதவல்லிக்கு அது காதில் விழுந்தது. ரகசியத்தை இப்படியா போட்டு உடைப்பாள் என்று பல்லைக் கடித்தாள். தங்கம்மாள் முகம் சுருங்கிப் போனது. கிளம்பும்போது "போயி தகவல் சொல்லி அனுப்பறோம்" என்றாள். பரிட்சையில் தோற்ற மருமகள் வேண்டாமாக்கும் என்று அமுதவல்லி நினைத்துக்கொண்டாள்.

ஆனால் முதலில் வேண்டாம் என்றவர் அவள் அப்பா.

மூன்றாம் நாள் காலையில் புழு செட்டில் தழை போட்டுக்கொண்டே மாரப்பன் பேச்சை எடுத்தார். "அமுதா, அந்தப் பையன் நமக்கு வேணாம்மா."

அவள் கையிலிருந்த தழையைக் கீழே வைத்தாள். "ஏம்ப்பா?"

"அவனுக்குக் கம்பைநல்லூர்ல ஒரு இது இருக்குது."

"எது?"

"அதான்… இது."

"எதுப்பா?"

மாரப்பன் தட்டில் நெளிகிற புழுக்களைப் பார்த்தார். அதுகள் காதில் விழுந்துவிடப் போகிறதே என்கிற மாதிரி குரலைத் தாழ்த்தினார். "செட்டப்பு."

பெண் பார்க்க வந்த அன்று மாதவராஜுக்குப் போன் வந்திருக்கிறது. எழுந்து இந்தச் செட்டுக்குப் பின்னால் வந்து பேசியிருக்கிறான். மல்பெரித் தழை மூட்டைக்கு இந்தப் பக்கம் மாரப்பன். கேட்டதை வரி பிசகாமல் ஒப்பித்தார்.

"'ரெண்டு செட்டப்பு இருக்குதுண்ணா, வூட்ல ஒண்ணு, கம்பைநல்லூர்ல ஒண்ணு'ங்கறான். 'வூட்ல இருக்கறது பழசு, மழையில நனஞ்சதுலருந்து தொண்ட கட்டிக்கிச்சு. கம்பைநல்லூருதுதான் புதுசு, ஆறு மாசந்தான் ஆவுது, வாயத் தொறந்தா மூணு ஊருக்குக் கேக்கும்'ங்கறான். அதக்கூட வுடும்மா. 'கல்யாணம் முடியட்டும், ரெண்டையும் கொண்டாந்து பொண்ணு வூட்லயே வச்சிக்கலாம்னு இருக்கறேன், எடம் நெறைய இருக்குது'ன்னான் பாரு, நான் அந்தத் தழ மூட்ட மேலயே உக்காந்துட்டேன்."

அமுதவல்லி சிரித்த சிரிப்பில் தழைக் கூடை கவிழ்ந்தது. "ஐயோ அப்பா, அது மைக்செட்டுப்பா! ஸ்பீக்கரு, ஆம்ப்ளிஃபயரு, எல்லாஞ் சேந்தா அவங்க செட்டப்புன்னுதான் சொல்லுவாங்க."

"மைக்செட்டா?" மாரப்பன் அசரவில்லை. "அப்ப சேல எதுக்கு?"

"என்ன சேல?"

"'செவப்புச் சேல கட்டி வுட்டிருக்கறேண்ணா, பாத்தா நீயே கையெடுத்துக் கும்புடுவ'ன்னானே. மைக்செட்டு சேல கட்டுமா?"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. நானூறு அர்த்தத்தையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். எதிலும் சேலை இல்லை.

இதில் இன்னொரு சங்கடம் வேறு. இந்தப் பக்கத்துப் பேச்சில் பெட்டியும் 'அது'தான், பெண்ணும் 'அது'தான். வந்துச்சு, போச்சு, கோவிச்சிக்கிச்சு என்று பேசினால் யாரைச் சொல்கிறார்கள், எதைச் சொல்கிறார்கள் என்று வெளி ஆளுக்குப் பிடிபடாது. இந்த விஷயத்தில் உள்ளூர் ஆளான அமுதவல்லிக்கே பிடிபடவில்லை. போன் போட்டு அவனையே கேட்டுவிடலாம். என்னவென்று கேட்பது? உங்களுக்குக் கம்பைநல்லூரில் செட்டப் இருக்குதா என்றால், "ஆமாங்க மேடம், சூப்பரா இருக்கும்" என்பான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சிவப்பு டேப்பை நினைத்தால் அவன் நல்லவன், சிவப்புச் சேலையை நினைத்தால் அயோக்கியன். நடுவில் அவள் கிடந்து அல்லாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்தாள். "ஏறுப்பா. கம்பைநல்லூரு போயி ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வந்துரலாம்."

தருமபுரியில் ஓட்டலில் உட்கார்ந்தபோது சப்ளையர் வந்து மாரப்பனிடம், "செட்டுங்களா?" என்று கேட்டான்.

"யாருக்குய்யா செட்டு? என்னப் பாத்தா அப்பிடியா தெரியுது?" என்று அவர் எழுந்தே விட்டார்.

"அப்பா, தோசப்பா, செட் தோச!" அமுதவல்லி அவர் துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். சப்ளையர் அதற்கப்புறம் அந்த மேசைப் பக்கமே வரவில்லை. தண்ணீர்கூடத் தள்ளி நின்றுதான் வைத்தான்.

கம்பைநல்லூரில் டீக்கடைக்காரரிடம் மாரப்பன் நைசாகப் பேச்சுக் கொடுத்தார். "பொம்மிடி மாதவராஜு… அவரோட செட்டப்பு இங்க எங்கியோ இருக்குதாமே?"

டீக்கடைக்காரர் முகம் மலர்ந்தது. "ஆமாங்க, மாதா கோயிலுக்குப் பின்னால ரோசம்மா வூட்ல இருக்குது. போன மாசம் எங்கூட்டுக் காதுகுத்துக்குக்கூட வந்துச்சு. ரெண்டு நாளு இருந்துச்சு. அருமையான செட்டப்புங்க, கூட்டமே அத்தத்தான் வாயப் பொளந்து பாத்துக்கிட்டிருந்துச்சு."

மாரப்பன் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

ரோசம்மா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஐம்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான அம்மா, கழுத்தில் ஜெபமாலை. மாதவராஜ் பெயரைச் சொன்னதும் வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள்.

"வாங்கண்ணா, வாம்மா. பாக்க வந்தீங்களா? உள்ளதான் இருக்குது. நான்தான் கண்ணுங்கருத்துமா பாத்துக்கறேன். தெனைக்கும் தொடச்சி வுடுவேன். பாத்துப் போங்க, மேல கைய வச்சா சில சமயம் சுள்ளுன்னு அடிச்சிப்புடும்."

பின்கட்டு அறைக் கதவைத் திறந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. மூலையில், ஆள் உயரத்துக்கு, தலையிலிருந்து கால்வரை சிவப்புச் சேலை போர்த்திக்கொண்டு அது அசையாமல் நின்றது.

"மாதாவே துணை" என்று ரோசம்மா பழக்கத்தில் சொல்லிக்கொண்டாள். மாரப்பன் சட்டென்று திரும்பி நின்று துண்டால் கண்ணை மூடிக்கொண்டார். "நான் பாக்க மாட்டேம்மா. நீயே பாத்துச் சொல்லு."

அமுதவல்லி உள்ளே போனாள். இதுவரை ஒரு சேலை முந்தானையைப் பிடிக்க அவள் இத்தனை பயந்ததில்லை. பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி. பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர். அதன் அருகே, பெட்டிகளைவிடப் பழசான ஒரு மைக் ஸ்டாண்ட்.

"வூட்ல எடம் இல்லன்னு இங்க வச்சிருக்குது அந்தத் தம்பி. தூசி படக்கூடாதுன்னு எம்பழய சேலையக் கட்டி வுட்டிருக்குது" என்றாள் ரோசம்மா. "சேல கட்டினா அப்பிடியே அம்மன் செல கணக்கா இருக்குது, இல்ல?"

அமுதவல்லி ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் தாழ்வாக நின்றது, யாரோ ஒரு குள்ளமான ஆளுக்காக இறக்கியது மாதிரி. அது நின்ற இடத்தில் சிவப்பு டேப் ஒரு சுற்று. ஓரம் பிய்ந்து அழுக்கேறிய டேப்பின் மேல் பேனாவால் 'இங்கிலீஷ் மேடம்' என்று எழுதியிருந்தது. ஒரு வருஷம். எத்தனை ஊர், எத்தனை திருவிழா, எத்தனை காதுகுத்து. அவன் அதைப் பிய்க்கவே இல்லை. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாக விட்டாள். இந்த ஆளைக் கட்டிக்கொள்ளாமல் விட்டால் என்னைப் போல முட்டாள் ஒருத்தி இருக்க மாட்டாள் என்று நினைத்தாள்.

சத்தம் கேட்டுப் பதறி மாரப்பன் உள்ளே வந்தார். "என்னம்மா, யாரு இருக்கறா?"

"பெட்டிதாங்கண்ணா. நம்பிக்க இல்லியா? இருங்க, போட்டே காட்டறேன்." ரோசம்மா ஆம்ப்ளிஃபயர் சுவிட்சைத் தட்டினாள். நாளைக்கு மாதா கோயிலில் கொடியேற்றம். அதற்காக அந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர் சுவரைத் தாண்டிப் போய், கோயில் கோபுரத்து ஸ்பீக்கர் குழாய்களில் முடிந்திருந்தது. இங்கே ஒரு மைக், கோயிலுக்குள்ளே ஒரு மைக். இதையெல்லாம் அவள் சொல்வதற்குள் மாரப்பன் மைக்குக்கு நேராகக் குனிந்து, பெட்டியை உற்றுப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

"இதுதானா மாதவராஜோட செட்டப்பு?"

செட்டப்பு… டப்பு… டப்பு… என்று கம்பைநல்லூர் முழுக்க அது உருண்டது. சந்தையில் பேரம் நின்றது. டீக்கடையில் ஆட்கள் எழுந்து வெளியே வந்தார்கள்.

அப்புறம் அதே குழாயில் ஒரு பெண் குரல் கரகரத்தது. "யாருய்யா அது? எம்மவன் பேரச் சொல்லறது?"

தங்கம்மாள்! மகன் கல்யாணம் நல்லபடியாக அமைய வேண்டுமென்று மெழுகுவத்தி ஏற்ற வந்தவள். குரல் குழாயிலிருந்து வந்ததால், கோயிலுக்குள் இருந்த மைக்கிலேயே பதிலுக்குக் கேட்டாள். அவள் மகன் அந்த நேரம் கோபுர உச்சியில் இரண்டு கையாலும் ஒரு குழாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். "அம்மா, மைக்க வுடு! மைக்க வுடும்மா!" என்று அங்கிருந்து கத்தினான். அந்தக் குழாயின் சத்தத்தில் அது எங்கே கேட்கும்?

"நான் பாப்பாரப்பட்டி மாரப்பனுங்க" என்றார் இவர், இன்னும் குனிந்தபடியே.

"ஓ, நீங்களா? நல்லதாப் போச்சு" என்றது கோபுரம். "நானே ஆளு அனுப்பணும்னு இருந்தேன். பொண்ணுக்கு ரெண்டு எடம் செட் ஆயி நின்னு போச்சாமே? ரெண்டு தடவயும் அழுதுக்கிட்டே கெடந்துச்சாமே? ஏங்க எங்ககிட்ட மறச்சீங்க?"

மாரப்பன் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "என்னம்மா சொல்லுது அந்தம்மா? எந்த ரெண்டு எடம்?"

அமுதவல்லிக்கு அந்த நிமிஷம் எல்லாம் விளங்கியது. கலைமணி சொன்னது, தங்கம்மாள் கேட்டது, முகம் சுருங்கியது. நானூறு அர்த்தத்தில் தப்பான ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவும் இத்தனை நாள் சோறில்லாமல் கிடந்திருக்கிறாள். இதைச் சரி செய்ய ஒரே வழிதான் இருந்தது. செய்தால் மாதவராஜ் கிடைப்பான், அப்பாவின் ரிசல்ட்டு போய்விடும். அவள் அப்பாவைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள், மைக்கின் முன்னால் போய் நின்றாள். எக்கவும் வேண்டியிருக்கவில்லை, குனியவும் வேண்டியிருக்கவில்லை. சரியாக வாய்க்கு நேராக இருந்தது.

"அத்தே, நான் அமுதா பேசறேன். அது கல்யாணம் இல்லீங்க. பரிட்ச. செட்டுன்னு ஒரு பரிட்ச இருக்குதுங்க. ரெண்டு தடவ எழுதினேன். ரெண்டு தடவயும் ஃபெயிலு."

ஃபெயிலு… யிலு… யிலு… என்று அது வயல்வெளியெல்லாம் தாண்டிப் போனது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பரிட்சயா?" என்றது குழாய். குரல் இறங்கியிருந்தது. அப்புறம் ஒரேயடியாக ஏறியது. "அட, பரிட்சதானா! இதுக்காடி அழுத? எம்மவன் பத்தாவதே மூணு வாட்டி எழுதினான்!"

கோபுர உச்சியிலிருந்து "அய்யோ அம்மா!" என்று ஒரு அலறல் கேட்டது. இந்தத் தடவை அது மைக் இல்லாமலே ரோசம்மா வீடுவரை கேட்டது. சந்தையில் யாரோ கைதட்டினார்கள். ரோசம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அமுதவல்லிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா முகத்தைப் பார்த்ததும் நின்றது.

மாரப்பன் சிரிக்கவில்லை. மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "ஏம்மா என்கிட்டச் சொல்லல?"

"நீ ஊரு பூரா சொல்லிட்டியேப்பா. அப்பறம் எப்பிடிச் சொல்லறது?"

"இப்ப நீ ஊரு பூரா சொல்லிட்ட" என்றார். சொல்லும்போதே அவர் மீசை துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பட்டுப்புழுவுக்கு ஆகாது என்று வீட்டில் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். அந்த மனிதர் தோள் குலுங்கச் சிரித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் தலையில் கையை வைத்தார். "மூணாவது வாட்டி எழுது. ரிசல்ட்டு வர்றவரைக்கும் நான் வாயத் தொறக்கல."

குழாய் பொறுமை இழந்தது. "ஏங்க, என்னாங்க சொல்லறீங்க? எங்களுக்குச் சம்மதம். உங்களுக்கு எப்பிடி?"

மாரப்பன் மைக்கிலிருந்து கையை எடுத்தார். பேசுவதற்கு அது ரொம்பத் தாழ்வாக இருந்தது. ரோசம்மா எழுந்து வந்து திருகைத் தளர்த்தி மைக்கை உயர்த்தப் போனாள். அவர் தடுத்தார். டேப்பில் எழுதியிருந்ததைக் கண்ணைச் சுருக்கி ஒருமுறை படித்தார்.

"வேணாம் தாயி. அது அங்கியே இருக்கட்டும்" என்றார். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மகள் உயரத்துக்குக் குனிந்தார். மூன்று ஊருக்கும் கேட்கிற மாதிரி ஒரே வார்த்தை சொன்னார்.

"செட்டுங்க."